நெல்லையிலிருந்து கோவைக்கு வந்து நான்கு மாதம்: தினசரிச் சின்ன சந்தோஷங்களை எப்படிப் பிடித்தீர்கள்?

பொருநைக்கரை எழுதியது:

எல்லாருக்கும் வணக்கம். கணவருக்கு வேலை மாற்றலாகி மே மாதக் கடைசியில் திருநெல்வேலி வண்ணார்பேட்டையிலிருந்து கோவைக்கு வந்தோம். வடவள்ளியில் இரண்டாவது மாடியில் வாடகை வீடு. மகள் நான்காம் வகுப்பு. நான் வீட்டிலிருந்தபடியே இரண்டு கடைகளுக்குக் கணக்கு எழுதிக் கொடுக்கிறேன், ஊர் மாறினாலும் அந்த வேலை போகவில்லை. வீடு நன்றாக இருக்கிறது, பள்ளி பக்கத்தில், வெயிலும் எங்கள் ஊர் வெயிலில் பாதிதான். "ஒரு குறையும் இல்லம்மா" என்று தினமும் அம்மாவிடம் போனில் சொல்கிறேன், அது பொய்யும் இல்லை. ஆனால் போனை வைத்ததும் சாயங்காலம் ஐந்தரை மணிக்கு என்ன செய்வது என்று தெரியாமல் சமையலறைக்கும் பால்கனிக்கும் நடந்துகொண்டே இருக்கிறேன்.

அங்கே அந்த ஐந்தரை மணிக்கு நான் சுலோசன முதலியார் பாலத்தில் இருப்பேன். 1843இல் திறந்த பாலம், இன்றைக்கும் அதில் நின்று கீழே பார்த்தால் தாமிரபரணி ஓடிக்கொண்டிருக்கும், கோடையில்கூட ஒரு ஓரமாகவாவது ஓடும். துணி துவைப்பவர்கள், பாறை மேல் கொக்கு, தண்ணீரில் விழும் கடைசி வெளிச்சம். பத்து நிமிடம் நிற்பேன். திரும்பி வரும்போது அண்ணாச்சி கடையில் நான் கேட்காமலே கறிவேப்பிலை பையில் விழும். தை மாதம் என்றால் பனங்கிழங்கு ஒரு கட்டு. ஆனி, ஆடியில் மேற்கே கருத்திருந்தால் குற்றாலத்தில் சாரல் என்று தெரியும், ஊருக்குள்ளும் காற்று குளிர்ந்துவிடும். இதெல்லாம் சந்தோஷம் என்று அங்கே இருந்தபோது ஒரு நாளும் நினைத்ததில்லை. இங்கே வந்த பிறகுதான் ஒவ்வொன்றாக எண்ணிக்கொண்டிருக்கிறேன்.

இன்னொன்று, பேச்சு. தமிழ்நாட்டுக்குள்தானே மாறுகிறோம் என்று தைரியமாக வந்தேன். கீழ்வீட்டில் தையல் தைக்கும் அக்கா "பொழுதோட வந்து வாங்கிக்கங்க" என்றார்கள். எங்கள் பக்கம் பொழுதோடு வா என்றால் நேரத்தோடு, தாமதிக்காமல் வா என்று அர்த்தம். நான் மறுநாள் காலை ஏழு மணிக்கே போய்க் கதவைத் தட்டிவிட்டேன். அவர்கள் ஒன்றும் சொல்லவில்லை, உட்கார வைத்துக் காபி கொடுத்தார்கள், ஆனால் அன்று முழுக்க எனக்கு மனசு சரியில்லை. மொழி தெரிந்த ஊரிலேயே ஒரு சொல் கைவிட்டுவிட்டதே என்று.

ஊட்டி, வால்பாறை, டாப்சிலிப் எல்லாம் எல்லாரும் சொல்லிவிட்டார்கள். அவை லீவு நாளுக்கு. எனக்கு வேண்டியது ஒரு செவ்வாய்க்கிழமை சாயங்காலத்துக்கு. காசு அதிகம் ஆகக் கூடாது, எனக்கு வண்டி ஓட்டத் தெரியாது, மகளையும் கூட்டிப் போக முடிந்தால் நல்லது. ஊர் மாறி வந்தவர்கள், இந்த ஊரிலேயே பிறந்தவர்கள், உங்களுக்கு எது கைகொடுத்தது என்று எழுதுங்கள்.


நொய்யலம்மா எழுதியது:

வாங்க அம்மிணி. நான் பிறந்தது தொண்டாமுத்தூர்ப் பக்கம், கல்யாணமாகி வடவள்ளிக்கு வந்து இருபத்தெட்டு வருசம் ஆச்சுங்க. உங்கள் தெருவுக்கும் எங்கள் தெருவுக்கும் நடுவில் ரொம்ப தூரம் இருக்காது என்று நினைக்கிறேன்.

முதலில் அந்தப் பொழுதோட விசயம். கொங்குப் பக்கம் பொழுதோட என்றால் சாயங்காலம், பொழுது சாயும் நேரம். அந்த அக்கா தப்பாக எடுத்திருக்கவே மாட்டார்கள், காலையில் வந்த பிள்ளைக்குக் காபி கொடுத்தோம் என்றுதான் நினைத்திருப்பார்கள். இன்னும் நாலு சொல் சொல்லி வைக்கிறேன். "அக்கட்ட" என்றால் அந்தப் பக்கம். "நாயம் பேசறது" என்றால் நியாயம் கேட்கிற சண்டை ஒன்றும் இல்லை, சும்மா உட்கார்ந்து பேசிக்கொண்டிருப்பது. ஓணானை "ஒடக்கான்" என்போம், உங்கள் மகள் பள்ளியிலேயே கற்றுக்கொண்டு வந்திருப்பாள். நாளைக்குப் பொழுதோட அந்த அக்கா வீட்டுக்கு உங்கள் ஊர்ப் பலகாரம் ஒன்று தட்டில் கொண்டு போங்க. நாயம் பேசிவிட்டு வாங்க.

அப்புறம், மொட்டை மாடிக்கு ஏறி மலையைப் பாருங்க. காலை ஆறரை மணி வாக்கில் கிழக்கு வெயில் நேராக மருதமலை மேல் விழும். முந்தின நாள் மழை பெய்திருந்தால் பாறை மடிப்பு ஒவ்வொன்றும் தெரியும், சில நாள் மலையே இருக்காது, மேகம் மட்டும் இருக்கும். ராத்திரி கோயில் விளக்கு தெரியும். இருபத்தெட்டு வருசமாகப் பார்க்கிறேன், எனக்கு இன்னும் அலுக்கவில்லை. காசு கொடுத்து மலை தெரிகிற அறை எடுக்கிறார்கள் ஊட்டியில், உங்களுக்கு அது வீட்டு வாடகையிலேயே சேர்ந்து வந்திருக்கிறது.

உழவர் சந்தைக்குப் போனீர்களா? வடவள்ளியிலேயே இருக்கிறது. உங்கள் பாளை மகாராஜநகரிலும் இருக்கிறதாமே, அப்படியானால் புதிதாகச் சொல்ல வேண்டியதில்லை. 1999இல் இந்த உழவர் சந்தைகள் ஆரம்பித்ததிலிருந்து நான் வேறெங்கும் காய் வாங்கியது குறைவு. காலையில் ஆறு, ஆறரைக்குள் போய்விடுங்க. ஒன்று மட்டும் சொல்கிறேன், ஒவ்வொரு நாளும் எங்கே ஒரு ரூபாய் குறைவு என்று கடை கடையாகத் தேடாதீங்க. யாரோ ஒரு பாட்டியைப் பார்த்து வைத்துக்கொண்டு கீரையை அவரிடமே வாங்குங்க. பத்து தடவை வாங்கினால் பதினோராவது தடவை "என்ன கண்ணு நேத்து காணோம்" என்று கேட்பார். அந்த ஒரு கேள்விக்காகத்தான் நான் இன்னும் போகிறேன், வீட்டு வாசலுக்கே காய் வருகிற காலத்திலும்.

வண்டி ஓட்டத் தெரியாது என்கிறீர்கள். 70ஆம் நம்பர் பஸ் இருக்கும்போது வண்டி எதுக்குங்க? மருதமலையிலிருந்து காந்திபுரம் வரை போகும். 2021 மே மாதத்திலிருந்து சாதாரணக் கட்டண டவுன் பஸ்ஸில் பெண்கள் நமக்கெல்லாம் டிக்கெட் இல்லை, இலவசம்தான். வேலை இல்லாத மத்தியானம் ஏறி ஜன்னல் ஓரம் உட்கார்ந்து, வேளாண்மைப் பல்கலைக்கழகம் தாண்டும்போது அந்த மர நிழலையும் வயலையும் பார்த்துவிட்டுத் திரும்பி வாங்க. அங்கே தாவரவியல் பூங்காவும் இருக்கிறது, மகளோடு போகலாம். ஊரைப் படிக்க டவுன் பஸ்ஸை விட நல்ல வழி எனக்குத் தெரியாது.

மருதமலைப் படிக்கட்டு ஏறுவதானால் காலையில் ஏறுங்க. அடிவாரத்துப் பக்கம் யானை நடமாட்டம் உண்டு, இருட்டின பிறகு அந்தப் பக்கம் நடக்க வேண்டாம். இதை மட்டும் கண்டிப்பாகக் கேளுங்க.


காவிரிக்கரையான் எழுதியது:

சகோதரி, நான் மயிலாடுதுறைக்காரன். கோவைக்கு வந்து பன்னிரண்டு வருடம். நீங்கள் எழுதியதைப் படித்தபோது என் முதல் வருடம் அப்படியே திரும்பி வந்தது, அதனால் கொஞ்சம் நீளமாக எழுதுகிறேன், பொறுத்துக்கொள்ளுங்கள்.

முதல் வருடம் முழுக்க நான் இந்த ஊரைப் பார்க்கவே இல்லை. எங்கள் ஊரில் இல்லாதது எது என்று மட்டும் பார்த்துக்கொண்டிருந்தேன். காபி குடித்தால் கும்பகோணத்துக் காபி இல்லை, ஆற்றைப் பார்த்தால் காவிரி இல்லை, வயல் இல்லை. நொய்யல் பாலத்தில் நின்று இதற்குப் பெயர் ஆறா என்று நண்பனிடம் கேட்டிருக்கிறேன், அவன் இந்த ஊர்க்காரன், முகம் வாடிப்போனான். இன்றைக்கும் அதை நினைத்தால் வருத்தமாக இருக்கிறது. பிறகுதான் தெரிந்துகொண்டேன், ஆற்றில் நிற்காத தண்ணீரைக் குளங்களில் நிறுத்தி வைத்து வாழ்ந்த ஊர் இது என்று. நொய்யலிலிருந்து வாய்க்கால் வெட்டி ஒரு குளத்திலிருந்து அடுத்த குளத்துக்கு நீர் போகிற மாதிரி செய்திருக்கிறார்கள். உக்கடம் பெரியகுளம், வாலாங்குளம், குறிச்சிக்குளம், சிங்காநல்லூர்க் குளம் எல்லாம் அந்தக் குடும்பம்தான். உங்களுக்குத் தேவை ஐந்தரை மணிக்கு ஒரு தண்ணீர் என்றால், பெரியகுளக் கரையில் நடைபாதை இருக்கிறது, போய் நின்று பாருங்கள். கூழைக்கடா நீந்துவதையும், நீர்க்காகம் இறக்கையை விரித்துக்கொண்டு காய்வதையும், கரையோரப் புதரில் நீலத் தாழைக்கோழி ஓடுவதையும் மகள் ரசிப்பாள். ஐப்பசிக்குப் பிறகு வெளியூர்ப் பறவைகளும் வரத் தொடங்கும். தாமிரபரணி மாதிரி இருக்காது. நான் அதை முன்னாலேயே சொல்லிவிடுகிறேன், அங்கே போய்த் தாமிரபரணியைத் தேடினால் ஏமாற்றம்தான்.

சாரல் பற்றி எழுதியிருந்தீர்கள். நீங்கள் வந்த மே கடைசியிலிருந்து இங்கே பலமான காற்று அடித்திருக்குமே, கதவெல்லாம் படார் படார் என்று சாத்தியிருக்குமே, கவனித்தீர்களா? மேற்குத் தொடர்ச்சி மலையில் பாலக்காட்டுக் கணவாய் ஒரு பெரிய வாசல் மாதிரி, முப்பது கிலோமீட்டருக்கு மேல் அகலம். தென்மேற்குப் பருவக்காற்று அதன் வழியாக நேராக நம் ஊருக்குள் வருகிறது. உங்கள் குற்றாலச் சாரலும் அதே பருவக்காற்றுதான், அங்கே ஆரியங்காவு, செங்கோட்டைப் பக்கத்துக் கணவாய் வழியாக வருகிறது. ஆனி மாதம் நீங்கள் வண்ணார்பேட்டையில் முகத்தில் வாங்கிய காற்றும் இங்கே வடவள்ளியில் உங்கள் கொடித்துணியைப் பறக்கவிட்ட காற்றும் ஒரே கடலிலிருந்து கிளம்பியவை. இதைத் தெரிந்துகொண்ட பிறகு எனக்கு அந்தக் காற்றின் மேல் இருந்த எரிச்சல் போயே போய்விட்டது. இப்போதெல்லாம் வைகாசி முடிந்தால் எப்போது வரும் என்று காத்திருக்கிறேன்.

என்னைக் காப்பாற்றியது இன்னொன்று, ஆர்.எஸ்.புரம் கௌலி பிரவுன் சாலையில் இருக்கும் மாவட்ட மைய நூலகம். சனிக்கிழமை பத்து மணிக்கு அங்கே போய் ஒரே நாற்காலியில் உட்காருவேன். ஆறு மாதம் கழித்து ஒரு பெரியவர் எனக்கு அந்த நாற்காலியைப் பிடித்து வைக்க ஆரம்பித்தார். அவர்தான் ஆர்.எஸ்.புரம் என்றால் இரத்தினசபாபதிபுரம், சிறுவாணித் தண்ணீரை ஊருக்குக் கொண்டுவரப் பாடுபட்ட நகராட்சித் தலைவரின் பெயர் என்று சொன்னார். அதன் பிறகு அந்த இரண்டு எழுத்தைப் பார்க்கும்போதெல்லாம் குடிக்கிற தண்ணீர் ஞாபகம் வரும். அதே சாலையில் 1902இல் திறந்த காஸ் வன அருங்காட்சியகமும் இருக்கிறது, குழந்தைக்கு ஒரு மத்தியானம் முழுக்கப் போகும்.

நெல்லையப்பர் கோயில் தாமிர சபை பார்த்து வளர்ந்தவர் நீங்கள். பேரூர் போங்கள். மேலைச் சிதம்பரம் என்று சொல்வார்கள், கனகசபையில் தூண் சிற்பங்களையும் கூரையில் தொங்கும் கல் சங்கிலியையும் பாருங்கள். கூட்டமில்லாத வார நாளில் போங்கள், உட்கார இடமும் நேரமும் கிடைக்கும்.


பொருநைக்கரை எழுதியது:

இரண்டு பேருக்கும் என்ன சொல்வது என்று தெரியவில்லை. ஆரியங்காவு விஷயத்தைப் படித்துவிட்டு மாடிக்குப் போய்க் கொஞ்ச நேரம் சும்மா நின்றேன். நான்கு மாதமாக அந்தக் காற்றைத் திட்டிக்கொண்டு ஜன்னலைச் சாத்தி வைத்திருந்தேன்.

ஒரு சந்தேகம் கேட்கிறேன். சாப்பாட்டு விஷயத்தில் எப்படிச் சமாளித்தீர்கள்? நான் இன்னும் ஊர்ச் சமையல்தான் செய்கிறேன், உளுந்தஞ்சோறு, எள்ளுத் துவையல், ஞாயிற்றுக்கிழமை சொதி. கருப்பட்டி தீரப்போகிறது, இங்கே வாங்கியதில் அந்த வாசம் இல்லை. மகளுக்கு மட்டும் இங்கே ஒன்று பிடித்துவிட்டது. ஊரில் டீக்கடை என்றால் பெண்கள் போய் உட்கார மாட்டோம், இங்கே தெருவுக்கு ஒரு பேக்கரி, குடும்பத்தோடு வந்து டீயும் தேங்காய் பன்னும் சாப்பிடுகிறார்கள். பள்ளி விட்டு வரும்போது வாரம் ஒரு நாள் போகலாமா என்று கேட்கிறாள்.


சின்னவெங்காயம் எழுதியது:

கண்டிப்பாகப் போங்க, வாரம் ஒரு நாளை உங்கள் மகள் உங்களுக்காகவே கண்டுபிடித்துக் கொடுத்திருக்கிறாள். இங்கே பேக்கரி என்பது எங்களுக்குத் திண்ணை மாதிரி. நான் காலேஜ் படிக்கும்போது தோழிகளோடு மணிக்கணக்கில் நின்றுகொண்டே பேசிய இடம், இப்போது அம்மாவோடு போகிறேன்.

சாப்பாட்டுக்கு வருகிறேன். ஊர்ச் சமையலை விடவே வேண்டாம், ஆனால் வாரத்தில் ஒரு ராத்திரிக்கு அரிசி பருப்புச் சாதம் செய்து பாருங்கள். ஒரு டம்ளர் அரிசிக்குக் கால் டம்ளருக்குக் கொஞ்சம் மேலே துவரம்பருப்பு, இரண்டையும் கழுவி ஊற வைத்துவிடுங்கள். குக்கரில் எண்ணெய் காய்ந்ததும் கடுகு, காய்ந்த மிளகாய், கறிவேப்பிலை, உரித்த சின்ன வெங்காயம் ஒரு கை நிறைய, பூண்டு ஏழெட்டுப் பல், ஒரு தக்காளி. மிளகும் சீரகமும் தட்டிப் போடுங்கள், நைசாக அரைக்காதீர்கள். மஞ்சள், பெருங்காயம், உப்பு, மூன்றேகால் டம்ளர் தண்ணீர். திறந்ததும் ஒரு கரண்டி நெய். குழையவும் கூடாது, உதிரியாகவும் இருக்கக் கூடாது, கையில் எடுத்தால் உருண்டையாக நிற்க வேண்டும். அப்பளம் போதும், தயிர் இருந்தால் இன்னும் நல்லது. வெளியே காற்று அடிக்கும் ராத்திரியில் இதைச் சாப்பிட்டுப் பாருங்கள், எங்கள் வீட்டில் ஊருக்குப் போய்த் திரும்பி வந்தால் முதல் வேளைச் சமையல் எப்போதும் இதுதான்.

இன்னொன்று சந்தகை. உங்கள் இடியாப்பம் மாவைப் பிழிந்த பிறகு அவிப்பது. சந்தகை அவித்த பிறகு பிழிவது. அரிசியை ஊறவைத்து அரைத்து, இட்லி மாதிரி வேகவைத்து, சூடாக இருக்கும்போதே அச்சில் போட்டுப் பிழிய வேண்டும், அதற்கு இரண்டு பேர் வேண்டும், ஒருவர் அழுத்த ஒருவர் தட்டைப் பிடிக்க. எங்கள் அம்மா தேங்காய்ப்பாலும் நாட்டுச்சர்க்கரையும் ஊற்றித் தருவார்கள். நீங்கள் சொதி வைப்பவர் என்றதும் எனக்குத் தோன்றியது, சொதியும் தேங்காய்ப்பால்தானே, சந்தகைக்கு ஊற்றினால் எப்படி இருக்கும்? நான் சாப்பிட்டதில்லை. யாராவது செய்து பார்த்துச் சொல்லுங்கள்.


இப்போது_பாளையில் எழுதியது:

இந்த இழையைப் பார்த்துவிட்டு எழுதாமல் இருக்க முடியவில்லை. பொருநைக்கரை அக்கா, நான் உங்களுக்கு நேர் எதிர். கோவை கணபதியில் பிறந்து வளர்ந்தவள், கல்யாணமாகிப் பாளையங்கோட்டைக்கு வந்து ஒன்றரை வருடம். நீங்கள் விட்டுவிட்டுப் போனதையெல்லாம் நான் இப்போதுதான் ஒவ்வொன்றாகக் கண்டுபிடித்துக்கொண்டிருக்கிறேன்.

வந்த புதிதில் எனக்கு எல்லாமே கஷ்டம். வெயில். தண்ணீரின் ருசி. கடையில் "அண்ணா" என்று கூப்பிட்டால் திரும்ப மாட்டார்கள் என்று நினைத்து "அண்ணாச்சி" என்று சொல்லப் பழக ஒரு மாதம் ஆனது. எல்லாரும் வேகமாகவும் சத்தமாகவும் பேசுவது எனக்குச் சண்டை மாதிரியே கேட்கும், ராத்திரி அழுதிருக்கிறேன். "ங்க" போடாமல் பேசினால் மரியாதை இல்லை என்று எங்கள் காதுக்குப் பழகிவிட்டது. இங்கே "ஏட்டி, சாப்ட்டியா?" என்று பக்கத்து வீட்டு ஆச்சி கேட்டபோது அதில் எவ்வளவு பாசம் இருந்தது என்று புரிய எனக்கு மாதக்கணக்கில் ஆனது. இப்போது ஆச்சி ஒரு நாள் அப்படிக் கூப்பிடவில்லை என்றால் நான் போய் என்ன ஆச்சு என்று கேட்கிறேன்.

மாமியார் ஒரு நாள் என்னைக் குறுக்குத்துறைக்குக் கூட்டிப் போனார்கள். ஆற்றுக்குள்ளேயே முருகன் கோயில், வெள்ளம் வந்தால் மூழ்கிவிடும் என்று சொன்னார்கள், 2023 டிசம்பர் வெள்ளத்தைப் பற்றி நிறைய சொன்னார்கள். அன்று தண்ணீர் முழங்கால் அளவு, அவ்வளவு தெளிவு. படித்துறையில் கால் வைத்து உட்கார்ந்தேன், சின்ன மீன்கள் வந்து காலைக் கடித்தன. கோவையில் எனக்கு ஆற்றில் கால் வைத்து உட்கார்ந்த ஞாபகமே இல்லை. அன்றிலிருந்து வெள்ளிக்கிழமை சாயங்காலம் எனக்கு அதுதான். மாசிக்கு மேல் பதநீர், அதைப் பனை ஓலையில் ஊற்றிக் குடிப்பது, ஓலையின் வாசத்தோடு. கூந்தன்குளத்தில் வீட்டு மரத்திலேயே பறவைகள் கூடு கட்டியிருப்பதைப் பார்த்தது. இதெல்லாம் உங்களுக்குப் பழசு.

எனக்கு இங்கே குறைவது ஒன்றே ஒன்று, மலை. எந்தத் தெருவில் திரும்பினாலும் கடைசியில் மலை தெரிய வேண்டும் என்று கண் தேடுகிறது. நொய்யலம்மா எழுதியதைப் படித்துவிட்டு அழுதுவிட்டேன். அக்கா, நீங்கள் எனக்காக அதைப் பாருங்கள். நான் உங்களுக்காக ஆற்றைப் பார்த்துக்கொள்கிறேன்.


கருவேலங்காடு எழுதியது:

எல்லாரும் நன்றாகச் சொல்லியிருக்கிறார்கள், ஆனால் எனக்கு நடந்தது வேறு மாதிரி, அதையும் பதிவு செய்கிறேன். நான் ராமநாதபுரம் பக்கம், திருப்பூரில் எட்டு வருடம். பனியன் கம்பெனி வேலை, காலை போனால் ராத்திரி. ஊரைச் சுற்றிப் பார்க்க நேரமும் இல்லை, மனசும் இல்லை. நான் செய்தது ஒன்றுதான், ஊரிலிருந்து ஒரு முருங்கைக் கொம்பை ஈரச்சாக்கில் சுற்றிக் கொண்டுவந்து வாடகை வீட்டுக் கொல்லையில் நட்டேன், வீட்டுக்காரரிடம் கேட்டுவிட்டுத்தான். இங்கே செம்மண்ணில் அது எங்கள் ஊரில் வளர்ந்ததை விட நன்றாக வளர்ந்தது. இப்போது தெருவில் பாதிப் பேர் அதில்தான் கீரை பறிக்கிறார்கள், அப்படித்தான் எனக்கு ஆட்கள் பழக்கம். புது ஊரில் எதையும் தேட முடியாத அளவு களைப்பாக இருப்பவர்கள், கையில் இருப்பதை ஒன்றை அங்கே வைத்துப் பாருங்கள்.

அப்புறம் ஒரு வேண்டுகோள், நான்கு மாதத்தில் ஊர் பிடிக்கவில்லையே என்று உங்களை நீங்களே கேட்டுக்கொள்ள வேண்டாம். எனக்கு மூன்று வருடம் ஆனது.


பொருநைக்கரை எழுதியது:

நான்கு வாரம் கழித்து வருகிறேன். நடந்ததைச் சொல்ல வேண்டும் என்று ஒரு கடன் மாதிரி மனதில் இருந்தது.

எல்லாம் ஒத்துவரவில்லை. பெரியகுளம் எங்கள் வீட்டிலிருந்து போய்வர நேரமாகிவிடுகிறது, பள்ளி விட்ட பிறகு மகளோடு பஸ் ஏறினால் அந்த நேரத்துக் கூட்டத்தில் நிற்கக்கூட இடம் இல்லை. அதனால் அது மாதம் ஒரு ஞாயிற்றுக்கிழமை என்று வைத்துக்கொண்டோம். ஒரு தடவை போனோம், மகள் கூழைக்கடாவைப் பார்த்துவிட்டு அதன் அலகுக்குக் கீழே இருப்பது பையா என்று கேட்டுக்கொண்டே இருந்தாள், காவிரிக்கரையான் அண்ணனுக்கு நன்றி சொல்லச் சொன்னாள். 70ஆம் நம்பர் மத்தியானம் இரண்டு மணிக்குக் காலியாக இருக்கிறது. கணக்கு வேலை முடிந்த நாட்களில் நான் மட்டும் ஏறிப் போய்விட்டு வருகிறேன், பல்கலைக்கழகத்து மரங்கள் வரும் இடத்தில் பஸ்ஸுக்குள்ளேயே வெளிச்சம் மாறுகிறது.

உழவர் சந்தையில் பாட்டி கிடைக்கவில்லை, ஒரு தாத்தா கிடைத்தார். சின்ன வெங்காயமும் கீரையும் கொண்டுவருவார், பேசவே மாட்டார். எட்டு நாள் ஒரு வார்த்தை பேசவில்லை. ஒன்பதாவது நாள் நான் போகத் தாமதமாகிவிட்டது, சரி, கீரை தீர்ந்திருக்கும் என்று நினைத்தேன். சாக்குக்கு அடியிலிருந்து ஒரு கட்டு அரைக்கீரையை எடுத்து நீட்டினார். கறிவேப்பிலையும் சேர்த்து வைத்திருந்தார். நான் கேட்கவில்லை.

தையல் அக்காவுக்கு உளுந்தங்களி கொண்டுபோனேன். இருந்த கடைசிக் கருப்பட்டித் தூளைப் போட்டுச் செய்தது, அம்மா அனுப்புவதற்குள் தீர்ந்தாலும் பரவாயில்லை என்று. அவர்கள் அதைச் சாப்பிட்டுவிட்டு தன்னுடைய அம்மா, வயதுக்கு வந்த பிள்ளைகளுக்கு இதைச் செய்து கொடுப்பது ஞாபகம் வருகிறது என்றார்கள். இரண்டு மணி நேரம் நாயம் பேசினோம். போன ஞாயிற்றுக்கிழமை அவர்கள் வீட்டுச் சந்தகை அச்சை மேலே தூக்கிக்கொண்டு வந்துவிட்டார்கள். சின்னவெங்காயம், நீங்கள் கேட்டதைச் செய்து பார்த்துவிட்டோம். அவர்கள் அழுத்த நான் தட்டைப் பிடித்தேன். ஊட்டிக் கேரட்டும் பீன்ஸும் உருளைக்கிழங்கும் போட்டுப் பாசிப்பருப்புச் சொதி, தொட்டுக்கொள்ள இஞ்சித் துவையல். சந்தகை இடியாப்பத்தை விட வழுவழுப்பு, அதனால் சொதி அதில் ஊறாமல் மேலே நிற்கிறது, கொஞ்சம் கெட்டியாக வைத்தால் சரியாக வரும். கணவர் இரண்டு தடவை வாங்கிக்கொண்டார். அக்கா மட்டும் கடைசியில் நாட்டுச்சர்க்கரை கேட்டு வாங்கிப் போட்டுக்கொண்டார்கள்.

கருவேலங்காடு அண்ணே, நீங்கள் எழுதிய கடைசி வரியைப் படித்த அன்று எனக்கு ரொம்ப லேசாக இருந்தது. இன்னும் ஐந்தரை மணிக்குச் சில நாள் தொண்டை அடைக்கத்தான் செய்கிறது. அடைக்கட்டும் என்று விட்டுவிடுகிறேன்.

இப்போது_பாளையில் தங்கச்சிக்கு: இன்று காலை ஆறே முக்காலுக்கு மாடியில் இருந்தேன். காற்று அடங்கிவிட்டது. மலையில் பாதி வரைக்கும் மேகம், அதற்கு மேலே கோயில் கோபுரம் மட்டும் வெயிலில் தெரிந்தது, அடிவாரம் கரும்பச்சை, ராத்திரி மழை பெய்திருக்க வேண்டும். ஏழே கால் மணிக்கெல்லாம் மேகம் முழுக்கக் கலைந்துவிட்டது. மகள் படம் வரைந்திருக்கிறாள், முகவரி கொடுத்தால் அனுப்பி வைக்கிறேன். குறுக்குத்துறையில் இப்போது தண்ணீர் எத்தனையாவது படியில் இருக்கிறது? வெள்ளிக்கிழமை போனால் பார்த்து எழுதுங்கள்.